மணற்கரையில் மெத்தையாய்ப் படர்ந்த சிறுபூ: பெயர் காண எந்த வழி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் தை, மாசி மாதங்களில், மண்டபத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரையிலும், தென்மேற்கே ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும் உள்ள கரையோர மணலில், விரல்நகத்தைவிடப் பெரிதாகாத பூக்களைத் தாங்கிய குட்டைச் செடிகள் தரையோடு ஒட்டிப் படர்ந்திருப்பதைக் காணலாம். இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர் ஊதா என நிறங்கள் வேறுபடும். செடியின் தோற்றம் மட்டும் எட்ட நின்று பார்ப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின், வண்டியை நிறுத்தி இவற்றைப் படம் எடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பலர் கேட்பது இதுதான்: பெயரை அறியச் செல்பேசிச் செயலியே போதுமா, ஊராரைக் கேட்பதா, தாவர நூலைப் புரட்டுவதா, அல்லது செடியைப் பறித்து உலர்த்தித் தாவரக் காப்பகத்துக்கு அனுப்புவதா?

இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஆயினும் எந்த வழியைத் தேர்ந்தாலும், செடி நின்ற இடத்தைப் பற்றிய குறிப்பு இல்லையேல் அவ்வழி பாதியிலேயே நின்றுவிடும் என்பது என் கருத்து. ஒரு வாசகர் தனுஷ்கோடிச் சாலையோரத்தில் எடுத்த இளஞ்சிவப்புப் பூவின் படத்துக்கு ஒரு செயலி முதலிற் காட்டிய பெயர் 'சைலீன் அகாலிஸ்'. அது ஆர்க்டிக் பகுதியிலும், ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் உயர்மலைகளிலும், மரங்கள் வளர முடியாத குளிர்ந்த பாறைச் சரிவுகளில் பச்சைத் திண்டுபோல் வளரும் செடி. படத்தில் ஐந்து இளஞ்சிவப்பு இதழ்களும் அடர்ந்த சிறு இலைகளும் தெரிந்தன. செயலிக்கு அது போதுமானதாக இருந்தது. கடல்மட்டத்திலிருந்து ஒரு முழ உயரம்கூட இல்லாத உவர்மணலில் எடுத்த படம் அது என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

## முதலில் அளவுகோல்கள்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், எதை வைத்து ஒப்பிடுவது என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, உறுதி எந்த நிலை வரை எட்டும் என்பது. குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற மூன்று படிகளில், வெறும் ஆர்வத்துக்குப் பேரினம் வரை தெரிந்தால் போதும். கல்லூரித் திட்டக் கட்டுரைக்கும், கரையோரத்தில் நடுவதற்கும் சிற்றினம் வேண்டும். உண்பதற்கோ சிற்றினம் தெரிந்தாலும், அதைச் சமைத்துப் பழகியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

இரண்டாவது, செலவும் நேரமும். இதில் வெளியே தெரியாத செலவுகளே மிகுதி. அவற்றை ஒவ்வொரு வழியின் கீழும் சொல்கிறேன்.

மூன்றாவது, செடிக்கு நேரும் கேடு. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. உயர்மலைத் திண்டுச் செடி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும்; அதில் ஒரு கைப்பிடியைப் பிய்த்தால் பல பத்தாண்டு வளர்ச்சி போய்விடும். நம் கரையில் படரும் செடிகள் பெரும்பாலும் கணுவுக்குக் கணு வேர்விடுவதால் ஒரு துண்டை இழந்தாலும் மீண்டுவிடும். ஆனால் எல்லாம் அப்படி அல்ல என்பதைக் கீழே காண்போம்.

நான்காவது, சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி இன்றி அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுக்க இயலாது. தனுஷ்கோடியிலும் 2025-இல் பூநாரைகளுக்கான சரணாலயம் ஒன்று அறிவிக்கப்பட்டிருப்பதால், அங்கே எது சாலையோரம், எது காப்பிடம் என்பதைக் கேட்டறிந்த பின்னரே பறிப்பதைப் பற்றி நினைக்க வேண்டும்.

## எல்லா வழிக்கும் பொதுவான முதற்படி: வாழிடக் குறிப்பு

தனுஷ்கோடி நிலமுனையில் நின்றால் இருபுறமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. அலை ஓயாத அதை ஊரார் ஆண் கடல் என்பர். வடக்கே பாக் நீரிணைப் பக்கம். அமைதியான அது பெண் கடல். இடைப்பட்ட சில நூறு மீட்டர் அகலத்துக்குள்ளேயே செடிகளின் வாழிடம் நான்கைந்து முறை மாறுகிறது. அலை தொடும் ஈரமணலில் எதுவும் இல்லை. அதற்கு மேலே, உப்புச்சாரல் நேரே படும் தளர்ந்த மணலில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் முன்னணியில் நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளில்தான் ஹைட்ரோஃபைலாக்ஸ் மாரிட்டிமா, லவ்னியா சார்மென்டோசா போன்ற சிறு படர்கொடிகளைத் தேட வேண்டும். மணல்மேட்டின் மறுபுறம், காற்றடங்கிய உலர்ந்த இடத்தில் பாலிகார்பியா போன்ற செடிகள். அதற்கும் பின்னே, கடல்நீர் ஏறி வடியும் சேற்றுத் தரவையில் உமிரிகளும் செசுவியமும். நல்ல தண்ணீர் ஊறும் பள்ளத்தின் ஓரம் என்றால் பொடுதலை.

ஆகவே செடியைப் பார்த்தவுடன் குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்தக் கடற்பக்கம், அலைக்கோட்டிலிருந்து ஏறத்தாழ எத்தனை அடி, மணலா சேறா, மண்ணின் மேல் உப்புப் பூத்திருக்கிறதா, அருகில் நிற்கும் பெரிய செடி எது. இந்த ஐந்து குறிப்புகளும் ஐயத்துக்குரிய பெயர்களின் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்து, படர்வின் விளிம்பைச் சற்றுத் தூக்கிப் பார்க்க வேண்டும். இதுவே நான் மிகுதியாக நம்பும் சோதனை. உண்மையான திண்டுச் செடியில், நடுவே ஒரே ஆணிவேர். அதிலிருந்து குட்டையான கிளைகள் நெருங்கி எழுந்து அரைக்கோளமாகக் குவிந்திருக்கும். விளிம்பைத் தூக்கினால் அடியில் வேர் இராது. உயர்மலையின் குளிர்காற்றில் இந்த வடிவம் உள்ளே வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் கரையிலோ காற்றடிக் காலத்தில் மணல் நகர்ந்து செடியின் மேல் ஏறும். ஓரிடத்தில் குவிந்து நிற்கும் செடி புதைந்தே போகும். கணுவிலிருந்து வேரும் புதுத் தளிரும் விட்டு மணலுக்கு மேலே ஏறி வருபவையே இங்கு நிலைக்கின்றன. எனவே விளிம்பைத் தூக்கும்போது ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர்கள் மணலைப் பிடித்திருந்தால், அது திண்டு அல்ல, படர்பாய். செயலி காட்டும் மலைப்பெயர்களை அக்கணமே ஒதுக்கிவிடலாம்.

இதற்கு விலக்காக நிற்பது பாலிகார்பியா. மணல்மேட்டின் பின்புறம் வளரும் அது ஒற்றை ஆணிவேரில் நிற்பது. பறித்தால் செடி முழுவதும் போய்விடும். வியப்பு என்னவென்றால், இது சேர்ந்த கேரியோஃபில்லேசியே குடும்பத்தில்தான் மேலே சொன்ன சைலீன் அகாலிஸும், இமயத்தில் 6,100 மீட்டருக்கும் மேலே பதிவாகியுள்ள அரனேரியா பிரையோஃபில்லாவும் உள்ளன. ஒரு குடும்பத்தின் ஒரு கிளை எவரெஸ்ட் பக்கத்தில், இன்னொன்று இராமேசுவரத்து மணலில். செயலி உறவைக் கண்டுவிட்டு ஊரை மாற்றிச் சொல்வதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

## வழி ஒன்று: செல்பேசிச் செயலி

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய மூன்றையும் மக்கள் ஒன்றாகவே பேசினாலும் அவை வேறு வேறு வகையானவை. கூகுள் லென்ஸ், படத்தை இணையத்தில் உள்ள பிற படங்களோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. தோட்டச் செடிகளுக்கு நன்றாக உதவும், காட்டுச் செடிகளுக்கு அவ்வளவாக இல்லை. கரையில் நிற்கும் போர்ட்டுலகாவைத் தொட்டியில் வளர்க்கும் டேபிள் ரோஸ் என்று அது காட்டினால் வியப்பதற்கில்லை. பிளான்ட்நெட், படம் இலையா பூவா காயா என்று உறுப்பைக் குறிக்கச் சொல்லிப் பின் ஒப்பிடுகிறது. ஐநேச்சுரலிஸ்ட், கணினிப் பரிந்துரையோடு நின்றுவிடாமல், படத்தைத் தேதி, இடம் ஆகியவற்றுடன் பதிவாக வைத்துக்கொண்டு, பிற பயனர் பார்த்துப் பெயரை உறுதிசெய்யவோ மறுக்கவோ இடம் தருகிறது. அருகில் எதிர்பார்க்கத்தக்க இனங்களை மட்டும் காட்டும்படி அதைக் கேட்கவும் முடியும். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வதானால், கரையோரச் செடிகளுக்கு நான் மூன்றாவதையே சொல்வேன்.

பணச் செலவு இல்லை. செடிக்கும் கேடு இல்லை. பறிக்க முடியாத காப்பிடங்களிலும் இது கைகொடுக்கும். மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, பூவின் முகத்தை மட்டும் எடுத்த ஒரே படத்தை ஏற்றினால் கிடைப்பது ஊகமே. முழுப் படர்வு அருகில் ஒரு நாணயத்துடன், தூக்கிய விளிம்பின் அடிப்பக்கம், ஒரு கணுவும் அதன் இலைகளும், பூ முன்புறம், பூ பின்புறம், காய், கடைசியாகக் கடலை நோக்கி எடுத்த அகலப் படம் என ஏழு படங்களாவது வேண்டும். இரண்டு, முனையில் செல்பேசி இணைப்பை நம்ப முடியாது. அங்கேயே விடை எதிர்பார்த்து நிற்பதைவிடப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இராமேசுவரம் திரும்பிய பின் ஏற்றுவது மேல். மூன்று, ஐநேச்சுரலிஸ்ட்டில் இருவர் ஒத்துக்கொண்டாலே ஒரு பதிவு 'ஆய்வுத் தரம்' பெற்றுவிடக்கூடும். அந்த இருவரும் கணினி சொன்னதையே வழிமொழிந்தவர்களாக இருந்தால் அந்தத் தரத்துக்குப் பொருள் இல்லை. உறுதி செய்தவர் அந்தக் குடும்பத்துச் செடிகளில் எத்தனை பெயர்களைத் திருத்தியிருக்கிறார் என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

## வழி இரண்டு: ஊரார் அறிவு

ஆடு மேய்ப்பவர்கள், கடற்பாசி எடுக்கச் செல்லும் பெண்கள், உப்பளத் தொழிலாளர்கள் ஆகியோருக்குக் கரைச்செடிகளைப் பற்றித் தெரிந்திருப்பதில் ஒரு பகுதி எந்த நூலிலும் இல்லை. எந்த மாதத்தில் துளிர்க்கும், எதை ஆடு தின்னும், எது தின்றால் கழியும், எந்தப் படர்வு சென்ற ஆண்டு எங்கே இருந்தது என்பவை அவர்களிடமே கிடைக்கும். கீரையாக உண்ணத் தக்கதா என்ற கேள்விக்கு இவ்வழியை மிஞ்சிய வழி இல்லை.

குறை, பெயர் ஒன்றாகவும் செடி பலவாகவும் இருப்பது. உமிரி என்றால் அது சுவேடாவாகவும் இருக்கலாம், சாலிகார்னியாவாகவும் இருக்கலாம், அதன் உறவான வேறொன்றாகவும் இருக்கலாம். கீரை பறிப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிதில்லை. கட்டுரை எழுதுபவருக்குப் பெரிது. இன்னொன்று, மணலில் பயனின்றி நிற்கும் சிறு செடிக்கு ஊரில் பெயரே இல்லாமலும் போகலாம். 'அது சும்மா பூண்டுப்பா' என்று ஓர் அக்கா சொல்லிவிட்டு நடந்தால், அதுவும் ஒரு தகவல்தான்: அது கீரையும் அல்ல, மருந்தும் அல்ல, ஆட்டுத் தீனியும் அல்ல.

## வழி மூன்று: கை லென்ஸும் தாவர நூலும்

என் சார்பு இந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. பத்து மடங்கு பெருக்கும் ஒரு கை லென்ஸ் இருந்தால், இந்தக் கரையில் அடிக்கடி குழப்பம் தரும் செடிகளில் பெரும்பாலானவற்றைச் செடியைப் பறிக்காமலேயே பிரித்துவிடலாம். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸும் உதவும். முழங்கால் மணலில் பட மண்டியிட்டு, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தைச் செடிக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். லென்ஸைச் செடியருகில் பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

சாலையோரத்து இளஞ்சிவப்புப் பூவையே எடுத்துக்கொள்வோம். அதன் முகம் ஐந்து முனை நட்சத்திரம். அதைத் திருப்பினால் பின்புறம் பச்சை. ஒவ்வொரு மடலின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்பக்கத்தில், சிறு கொம்புபோல் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். புல்லி தனி, அல்லி தனி என்ற பிரிவு இல்லை. வெளியே பச்சையாகவும் உள்ளே இளஞ்சிவப்பாகவும் இருக்கும் ஒரே வட்டம். நடுவே எண்ணற்ற மகரந்தத்தாள்கள். இலைகள் எதிரெதிராக, சதைப்பற்றுடன், ஏறக்குறைய ஒரே அளவில். பூவுக்குத் தெளிவான காம்பு உண்டு. இத்தனையும் சேர்ந்தால் அது செசுவியம் போர்ட்டுலகாஸ்ட்ரம். சைலீனில் ஐந்து இதழ்களும் அடியில் குழல்போல் இணைந்த புல்லியும், பத்தே மகரந்தத்தாள்களும் இருக்கும். பூவைத் திருப்பிப் பார்த்த ஒரு நொடியில் அந்தச் செயலியின் விடை தள்ளுபடி ஆகியிருக்கும்.

பெயரிலேயே ஒற்றுமை உள்ள டிரையாந்திமா போர்ட்டுலகாஸ்ட்ரம், அதாவது சாரணை, இதனோடு குழம்பும் முதல் செடி. அதில் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பூ காம்பின்றி இலையடி உறைக்குள் பாதி புதைந்திருக்கும். போர்ட்டுலகாக்களில் பூ மஞ்சளானால் ஐயம் எளிதில் நீங்கும். இலைகள் எதிரெதிராகவும் இதழ்கள் நான்காகவும், கணுவில் வெண்மயிர் வளையமும் இருந்தால் அது போர்ட்டுலகா குவாட்ரிஃபிடா. இவ்வகைப் பூக்கள் வெயில் ஏறிய பின் விரிந்து சில மணி நேரத்தில் சுருங்கிவிடுவதால், மாலையில் சென்று பூவைத் தேடுவது வீண்.

வெளிர் ஊதாப் பூவில் நான்கு மடல்களும், எதிரெதிர் இலைகளுக்கு இடையே கணுவில் சிறு செதிலும் தெரிந்தால், காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரோஃபைலாக்ஸ் மாரிட்டிமா. இந்திய, இலங்கைக் கரைகளின் மணலில் வளரும் படர்கொடி இது. மஞ்சள் பூ சாமந்தி போன்ற கூட்டுப் பூவாக இருந்து, கிள்ளினால் பால் வடிந்தால் லவ்னியா. பால் வடிந்தும் பூ கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருந்தால் அது யூஃபோர்பியாவாக இருக்கக்கூடும். அந்தப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இலைகளின் அடியில் வெள்ளி போல் மின்னும் காய்ந்த செதில்களும், அதேபோல் மின்னும் புல்லிகளும் தெரிந்தால் பாலிகார்பியா.

நூல் என்று வரும்போது, சென்னை மாகாணத் தாவரங்களுக்காக 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த, கேம்பிள் என்ற தாவரவியலாளரின் தொகுதிகளே இன்றும் அடிப்படை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவ்வழியின் மறைந்த செலவு இங்கேதான் தொடங்குகிறது: ஆங்கிலமும், அதைவிடக் கடினமான தாவரவியல் கலைச்சொற்களும், 'இது இருந்தால் அங்கே செல், இல்லையேல் இங்கே வா' என்று இரண்டிரண்டாகப் பிரிந்துசெல்லும் திறவுகோலைப் பின்பற்றும் பொறுமையும், பழைய பெயர்களும். அதில் அடப்பங்கொடியை ஐபோமியா பைலோபா என்றும், பொடுதலையை லிப்பியா நோடிஃப்ளோரா என்றும் காண்பீர்கள். இன்று அவை ஐபோமியா பெஸ்-காப்ரே, ஃபைலா நோடிஃப்ளோரா. நூலில் கண்ட பெயரை இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் இட்டு இன்றைய பெயரை அறிந்துகொள்வது கட்டாயம். தொடக்கத்தில் ஒரு செடிக்கு ஒரு முழு மாலைப் பொழுதும் போகும். குடும்ப அடையாளங்கள் கண்ணில் பதிந்த பின் சில நிமிடங்களே ஆகும். பூ இல்லாத காலத்தில் மட்டும் நூல் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

## வழி நான்கு: உலர்மாதிரியும் தாவரக் காப்பகமும்

கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள மதராஸ் ஹெர்பேரியமும், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியமும் நம் பகுதிச் செடிகளுக்கு மிக முக்கியமான காப்பகங்கள். முன்பு இதே கரையில் எடுத்துப் பெயரிடப்பட்ட மாதிரிகளோடு உங்கள் மாதிரியை அருகருகே வைத்து ஒப்பிட முடியும் என்பதே இவ்வழியின் வலிமை. உமிரி வகைகள் போன்று பூவே தெரியாத, நூலைக் கொண்டும் முடிவுகாண இயலாத செடிகளுக்கு இதுவே கடைசித் தீர்ப்பு.

செலவும் அதற்கேற்பப் பெரிது. கரையோரச் சதைச்செடியை உலர்த்துவது மலைச்செடியை உலர்த்துவது போன்றதல்ல. செய்தித்தாளுக்கிடையே வைத்து அழுத்தினாலும் அது பல நாள் உயிரோடிருந்து, இலைகளைக் கணுக்கணுவாக உதிர்த்துவிடும். இதைத் தவிர்க்க முதலில் கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்துப் பின் அழுத்துவது வழக்கம். அதன் பிறகும், திசுவில் உள்ள உப்பு கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மண்டபத்தில் வைத்து உலர்த்துவதைவிடப் பரமக்குடிப் பக்கம் உள்ள உறவினர் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விடுவது எளிது.

கேட்டின் அளவு செடியைப் பொறுத்தது. செசுவியத்தில் பூவும் காயும் உள்ள ஒரு சாண் துண்டு போதும், எஞ்சியது வளர்ந்துவிடும். பாலிகார்பியாவுக்கு வேர் வரை வேண்டுமென்பதால் ஒரு செடியை இழக்க நேரிடும். அருகில் நிறைய இருந்தால் அன்றி எடுக்கக் கூடாது. தீவுகளிலும் சரணாலயத்திலும் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. மேலும், இடக்குறிப்பு இல்லாத மாதிரியைக் காப்பகம் பெரும்பாலும் ஏற்காது. ஏற்றாலும் அதற்கு ஆய்வு மதிப்பு மிகக் குறைவு.

## ஒரு பார்வையில்

| வழி | எட்டும் உறுதி | ஆகும் நேரம் | மறைந்த செலவு | செடிக்குக் கேடு |
|---|---|---|---|---|
| செயலி | பேரினம் வரை. நல்ல படமும் தேர்ந்த பயனரும் வாய்த்தால் சிற்றினம் | நிமிடங்கள் முதல் வாரங்கள் வரை | பல கோணப் படங்கள், தவறான ஒப்புதல் | இல்லை |
| ஊரார் | பயன்பாட்டு வகை. சிற்றினம் உறுதியில்லை | ஒரு பேச்சு | ஒரு பெயரில் பல செடிகள் | இல்லை |
| லென்ஸும் நூலும் | பூ இருந்தால் சிற்றினம் | முதலில் ஒரு மாலை, பின்னர் நிமிடங்கள் | கலைச்சொல், பழைய பெயர் | ஏறக்குறைய இல்லை |
| காப்பகம் | சிற்றினம், சான்றுடன் | வாரங்கள், மாதங்கள் | உலர்த்தும் உழைப்பு, அனுமதி, பயணம் | செடியைப் பொறுத்து |

## எந்தச் சூழலில் எது

பயணத்தில் ஒரு முறை வந்துபோகிறவருக்குச் செயலியே பொருத்தம். ஏழு படங்களையும் வாழிடக் குறிப்பையும் ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கலாம். மலைச்செடியின் பெயர் முதலில் வந்தால், அந்த இனத்தின் பரவல் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது ஒன்றே போதும்.

சமைப்பதற்காகக் கேட்பவர்கள் செயலியின் விடையை நம்பி ஒரு பிடி கீரையைக்கூடப் பறிக்கக் கூடாது. அந்தக் கீரையைத் தம் வீட்டில் சமைக்கும் ஒருவர் கூடவே வந்து கையால் தொட்டுக் காட்ட வேண்டும். பால் வடிகிறதா என்ற சோதனையும் அதோடு சேர வேண்டும். உப்பளக் கழிவோ ஊர்ச்சாக்கடையோ சேரும் தரவையில் விளைந்ததை, பெயர் எவ்வளவு உறுதியானாலும், விட்டுவிடுவது நல்லது.

தாவரவியல் மாணவர்களும், ஆண்டுதோறும் இக்கரையில் நடப்பவர்களும் லென்ஸையும் நூலையுமே பழக வேண்டும் என்பேன். செயலியை அவர்கள் இரண்டாவது கருத்தாக வைத்துக்கொள்ளலாம்: முதலில் தாமே குடும்பத்தை ஊகித்து எழுதிவிட்டு, பின்னர் செயலியைத் திறந்து, இரண்டும் முரண்படும் இடத்தில் மீண்டும் செடியிடம் செல்வது. ஒரு பருவத்துக்குள் ஐந்தாறு குடும்பங்களின் அடையாளம் இப்படிப் பிடிபட்டுவிடும். இக்கரையின் சிறு படர்செடிகளில் பெரும்பகுதி அந்த ஐந்தாறு குடும்பங்களுக்குள்ளேயே அடங்கும்.

மணல் அரிப்பைத் தடுக்கச் செடி நடத் திட்டமிடுபவர்களுக்கு மட்டும் நான்காவது வழியைத் தவிர்க்க இயலாது. செசுவியம் என்று நினைத்து வேறொன்றை நட்டால் அது முதல் வாடையிலேயே மணலில் புதையக்கூடும். அயல்நாட்டிலிருந்து வந்து உவர்நிலத்தில் பரவும் ஹெலியோட்ரோப்பியம் குராசாவிக்கம் போன்றவற்றை அறியாமல் பெருக்கிவிடவும் கூடும். நாற்றுக்காகத் துண்டு எடுக்கும் அதே படர்விலிருந்தே மாதிரியையும் எடுத்து, ஒரே எண்ணிட்டு, ஒரு படியைத் தம்மிடமும் மறு படியைக் காப்பகத்திலும் வைக்க வேண்டும். உலர்ந்த பின் பூவின் நிறமும் இலையின் சதைப்பற்றும் தெரியாது என்பதால், அவற்றையும், எந்தக் கடற்பக்கம், அலையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் பறித்த அன்றே சீட்டில் எழுதி மாதிரியோடு சேர்த்து அனுப்புவது அவசியம்.